மானநஷ்ட வழக்கில் ஜூரியா, நீதிபதி மட்டுமா? மூட் கோர்ட்டுக்கு உதவி தேவை

மைலாப்பூர்_டு_மைல்எண்ட்:

வணக்கம். லண்டனில் சட்டம் படிக்கிறேன், இரண்டாம் வருடம். அடுத்த வியாழக்கிழமை எனக்கு மூட் கோர்ட் (மாணவர்கள் வக்கீலாக நின்று பழகும் பாவனை வழக்கு). கொடுத்திருக்கும் கதை இதுதான்: ஒரு எம்.பி. ஏதோ கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு அவர்களுக்குச் சாதகமாகப் பேசினார் என்று ஒரு நாளிதழ் எழுதுகிறது, எம்.பி. மானநஷ்ட வழக்குப் போடுகிறார், நாளிதழ் "எங்களுக்கு ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் பன்னிரண்டு பேர்) வேண்டும்" என்று மனு போடுகிறது, கீழே மறுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டில் நாளிதழுக்காக நான் பேச வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு இந்தப் பக்கம் விழுந்தது, என் ராசி அப்படி.

சட்டத்தைப் படித்துவிட்டேன். இங்கிலாந்தின் 1981ஆம் வருடச் சீனியர் கோர்ட்ஸ் சட்டத்தின் 69வது பிரிவுப்படி மோசடி, மானநஷ்டம், பொய் வழக்குப் போடுவது, சட்டவிரோதக் காவல் என்று சில வகை வழக்குகளில் ஒரு தரப்பு கேட்டாலே ஜூரி கொடுத்தாக வேண்டும். கட்டுக்கட்டாக ஆவணம் பார்க்க வேண்டியிருந்தாலோ அறிவியல் ஆராய்ச்சி தேவைப்பட்டாலோ மட்டும் மறுக்கலாம். 2013 அவதூறுச் சட்டத்தின் 11வது பிரிவு அந்தப் பட்டியலிலிருந்து மானநஷ்டத்தை எடுத்துவிட்டது. 2014 ஜனவரி 1 முதல் நீதிபதி மட்டும்தான் வழக்கம், ஜூரி வேண்டுமென்றால் கோர்ட் மனது வைக்க வேண்டும். இதுவரை சரி.

எனக்குப் புரியாதது, ஒரு நாளிதழ் எதற்கு ஜூரியைக் கேட்கும் என்பதுதான். படித்த வரைக்கும் பத்திரிகைகளை லட்சக்கணக்கில் மொட்டையடித்ததே ஜூரிகள்தானே? நானே நம்பாத ஒன்றை எழுந்து நின்று எப்படிப் பேசுவது? அப்புறம் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பின் மானநஷ்ட வழக்கு விஷயம் வேறு மண்டையைக் குடைகிறது. லண்டனில் நீதிபதி முன் தோற்றார், அமெரிக்காவில் ஜூரி முன் ஜெயித்தார். அப்படியென்றால் யார் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பதை வைத்தே முடிவு மாறிவிடுமா? யாராவது அனுபவஸ்தர்கள் சொல்லுங்களேன்.

கோப்புக்கட்டு:

லண்டனில் சொலிசிட்டராக இருக்கிறேன், ஊடக வழக்குகள் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். முதலில் ஒன்று, உங்கள் கதை அப்படியே 2014ல் வந்த யோ வழக்கின் நகல். டிம் யோ என்ற எம்.பி., சண்டே டைம்ஸ் நிருபர்கள் மாறுவேடத்தில் போய் எடுத்த செய்தி, அதன்மேல் வழக்கு. புதுச் சட்டம் வந்தபின் ஜூரி வேண்டும் என்று பத்திரிகை கேட்டுப் பார்த்த முதல் பெரிய வழக்கு அதுதான். நீதிபதி வார்பி மறுத்துவிட்டார். அதைப் படிக்காமல் வியாழக்கிழமை உள்ளே போகாதீர்கள், எதிர்த்தரப்பு முழுக்க அதை வைத்துத்தான் பேசும்.

பத்திரிகை ஏன் ஜூரி கேட்கும் என்றால், வாதி யார் என்று பாருங்கள். எம்.பி., அமைச்சர், பிரபு. நீதிபதியும் அதே மாதிரிப் பள்ளி, அதே மாதிரிக் கல்லூரி, அதே கிளப்பில் சாப்பாடு, தன்னையறியாமல் பெரிய மனிதர் பக்கம் சாய்ந்துவிடுவாரோ என்ற பயம். இதைக் கோர்ட்டில் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது, சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். இந்தப் பயம் பழையது. 1792ல் ஃபாக்ஸ் கொண்டுவந்த சட்டமே இதிலிருந்து பிறந்ததுதான். அதற்கு முன் அரசாங்கத்தைத் திட்டி அச்சடித்தவன்மேல் வழக்கு வந்தால், "இவன்தான் அச்சடித்தானா" என்பதை மட்டும் ஜூரி சொல்லும், அச்சடித்தது அவதூறா இல்லையா என்பதை நீதிபதி வைத்துக்கொள்வார். ஃபாக்ஸ் சட்டம் முழு முடிவையும் ஜூரி கையில் கொடுத்தது. அது குற்ற வழக்குகளுக்கான சட்டம் என்றாலும், அவதூறு என்றால் ஜூரிதான் என்ற எண்ணம் இந்த ஊரில் இருநூறு வருடம் ஊறிப்போனது அங்கேதான்.

1973ல் ரோதர்மியர் பிரபு டைம்ஸ்மேல் போட்ட வழக்கிலும் பத்திரிகைதான் ஜூரி கேட்டது, நீதிபதி டெனிங் இருந்த அமர்வு கொடுத்தது. 1997ல் ஜொனதன் எய்ட்கன் வழக்கில் கார்டியன் ஜூரி கேட்டது, முன்னாள் அமைச்சரான எய்ட்கன் நீதிபதி போதும் என்றார், நீதிபதி பிங்கம் தலைமையிலான மேல்முறையீட்டு அமர்வு எய்ட்கன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கார்டியன் ஆட்கள் அன்று நொந்துபோயிருப்பார்கள். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வழக்கின் மையமே தான் தங்கிய பாரிஸ் ரிட்ஸ் ஹோட்டல் பில்லை யார் கட்டியது என்பதுதான், அதைக் கட்டியது என் மனைவிதான் என்று எய்ட்கன் சத்தியம் செய்திருக்கிறார், விசாரணை ஓடிக்கொண்டிருக்கும்போதே மனைவி அன்று பாரிஸிலேயே இல்லை, சுவிட்சர்லாந்தில் இருந்தார் என்று விமான டிக்கெட் பதிவும் கார் வாடகைப் பதிவும் வந்து விழுகின்றன. வழக்கு அங்கேயே சுருண்டது. 1999ல் பொய்ச்சாட்சிக்காக 18 மாதம் உள்ளே போனார். அதைச் செய்தது இரண்டு துண்டுக் காகிதம். முன்னால் உட்கார்ந்திருந்தது ஜூரியா நீதிபதியா என்பது அன்று ஒரு பொருட்டாகவே இல்லை.

யோ கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஜூரியை மறுத்த அதே வார்பிதான் 2015ல் வழக்கை விசாரித்தார், எம்.பி. தோற்றார். பத்திரிகை எந்த நீதிபதிக்குப் பயந்ததோ அவரிடமே ஜெயித்தது. இதை உங்கள் எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் சிரித்துக்கொண்டே சொல்வார், பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறை விஷயம் ஒன்று, இது புத்தகத்தில் வராது. ஜூரி இருந்த காலத்தில் ஒரு வழக்குக்கு நான் கோப்பு தயாரித்தேன், அப்போது கடைநிலை ஆள். நீதிபதிக்கு ஒரு செட், சாட்சிக் கூண்டுக்கு ஒன்று, இரு தரப்பு வக்கீல்களுக்கும், அப்புறம் ஜூரியில் இரண்டு பேருக்கு ஒன்று என்று ஆறு. 214ஆம் பக்கம் ஒரு செட்டில் மட்டும் தலைகீழாகச் சொருகியிருந்தது. சாட்சி பேசிக்கொண்டிருக்க, ஜூரியில் ஒரு அம்மா கையைத் தூக்கினார், கோர்ட்டே நின்றுவிட்டது, எனக்கு வியர்த்துக் கொட்டியது. நீதிபதி மட்டும் என்றால் அவர் முந்தின நாள் இரவே எல்லாவற்றையும் படித்துவிட்டு வருவார். ஜூரி என்றால் ஒவ்வொரு கடிதத்தையும் உரக்க வாசிக்க வேண்டும், சட்ட வாதம் வந்தால் பன்னிரண்டு பேரையும் எழுப்பி வெளியே அனுப்ப வேண்டும், திரும்ப உட்கார வைக்க வேண்டும், அதற்குள் டீ நேரம் வந்துவிடும். மணிக்கணக்கில் காசு வாங்கும் வக்கீல்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள்.

பழைய_ஸ்கோர்கார்டு:

நான் வக்கீல் இல்லை, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், கிரிக்கெட் பைத்தியம். ஆனால் இங்கிலாந்து மானநஷ்ட வழக்கு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 1996 இம்ரான் கான்தான். இங்கிலாந்து வீரர்கள் போத்தமும் ஆலன் லாம்பும் சேர்ந்து பாகிஸ்தானின் இம்ரான்மேல் போட்ட வழக்கு. பந்தைச் சேதப்படுத்துவது பற்றி ஒரு பேட்டி, வர்க்கம், வளர்ப்பு பற்றி இன்னொரு பேட்டி, இரண்டும் சேர்ந்து வம்பில் முடிந்தது. ஒரு கவுண்டி ஆட்டத்தில் பாட்டில் மூடியால் பந்தைச் சுரண்டியதை இம்ரானே முன்பு ஒப்புக்கொண்டவர், போத்தம் இங்கிலாந்தின் செல்லப்பிள்ளை. இங்கிலாந்து கோர்ட், இங்கிலாந்து ஜூரி. கேட்டவர்கள் எல்லாம் இம்ரான் காலி என்றுதான் சொன்னோம். ஜூரி 10க்கு 2 என்று இம்ரான் பக்கம் தீர்ப்புச் சொன்னது! செலவு 5 லட்சம் பவுண்டு அளவில் போத்தம், லாம்ப் தலையில் விழுந்தது என்று அப்போது படித்தேன். ஜூரி என்றால் ஊர்ப்பாசம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இம்ரானுக்கு வாதாடியவர் ஜார்ஜ் கார்மன். அவரைப் பற்றிப் பேப்பரில் வந்ததையெல்லாம் வெட்டி வைத்திருந்தேன், வீடு மாறும்போது தொலைந்துவிட்டது.

அதே மாதிரி நியூசிலாந்து வீரர் கிறிஸ் கெய்ன்ஸ். லலித் மோடி 2010ல் ட்விட்டரில் அவர்மேல் மேட்ச் ஃபிக்ஸிங் பழி போட்டார். அது ஜூரி இல்லாமல் நீதிபதி பீன் விசாரித்தது, 2012ல் 90,000 பவுண்டு கெய்ன்ஸுக்கு. சும்மா ஒரு ட்வீட்டுக்கு! அப்புறம் அந்த வழக்கில் பொய்ச்சாட்சி சொன்னார் என்று கெய்ன்ஸ்மேலேயே குற்ற வழக்கு வந்தது, 2015ல் ஒரு ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விட்டது. ஆக ஒரே ஆள், முதலில் நீதிபதி, பிறகு ஜூரி, இரண்டு இடத்திலும் தப்பித்தார். இதிலிருந்து என்ன தெரிகிறது என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

எதிர்க்கட்சி:

கோப்புக்கட்டு அண்ணன் சொல்வது எல்லாம் ஜெயித்தவர் எழுதிய சரித்திரம் மாதிரி இருக்கிறது. செலவு மிச்சம், டீ நேரம் மிச்சம், சரி. ஆனால் மானநஷ்ட வழக்கின் அடிமடியில் இருக்கும் கேள்வி என்ன? இந்த வரியைப் படித்த சாதாரண ஆள் என்ன புரிந்துகொள்வான் என்பதுதானே? அதைச் சொல்லச் சாதாரண ஆட்கள் பன்னிரண்டு பேரை விடத் தகுதியானவர் யார்? ஒரு உயர் நீதிமன்ற நீதிபதியா?

ஸ்டாக்கர் வழக்கு தெரியுமா? ஒரு பெண் ஃபேஸ்புக்கில் முன்னாள் கணவரின் புதுத் துணையிடம், "அவன் என் கழுத்தை நெரிக்கப் பார்த்தான்" என்கிற அர்த்தத்தில் எழுதுகிறார். கணவர் வழக்குப் போடுகிறார். நீதிபதி ஆக்ஸ்ஃபோர்டு அகராதியை எடுத்துப் பார்க்கிறார். அகராதியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள்: கழுத்தை அழுத்திக் கொல்வது ஒன்று, வலிக்கும்படி கழுத்தை இறுக்குவது இன்னொன்று. கழுத்தை இறுக்கியது நடந்தே முடிந்துவிட்டது, அப்படியிருக்க "பார்த்தான்" என்று சொன்னால் அது கொல்லப் பார்த்தான் என்றுதான் ஆகும் என்று தர்க்கம் பண்ணி, கொல்ல முயன்றதை அந்தப் பெண் நிரூபிக்கவில்லை, ஆகவே கணவர் ஜெயித்தார் என்று தீர்ப்பு. அவர் கழுத்தில் சிவப்புத் தடம் இருந்ததைப் போலீஸ்காரர்கள் பார்த்திருக்கிறார்கள், அதையெல்லாம் தாண்டி இந்த முடிவு! மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. 2019ல் உச்ச நீதிமன்றம்தான் "ஃபேஸ்புக்கில் படிக்கிறவன் அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டா படிப்பான், கழுத்தைப் பிடித்தான் என்றுதானே எடுத்துக்கொள்வான்" என்ற ரீதியில் கவிழ்த்தது.

சொல்லுங்கள், கடைக்கண்ணிக்குப் போய் வரும் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்குமா? நம் வீட்டுப் பாட்டியிடம் "கழுத்தை நெரிக்க வந்தான்" என்று சொன்னால் அவள் அகராதியா தேடுவாள்? மைலாப்பூர் அக்கா, உங்கள் மூட்டுக்கு இதுதான் ஆயுதம். நீதிபதிகள் பக்கச்சார்பானவர்கள் என்று சொன்னால் எதிரே இருக்கும் நீதிபதிக்கே கோபம் வரும். அர்த்தம் பிடிப்பதில் அவர்கள் சறுக்கியிருக்கிறார்கள் என்று சொன்னால், அவர்களுடைய உச்ச நீதிமன்றமே சொன்னதுதானே அது.

கோப்புக்கட்டு:

ஸ்டாக்கர் நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தவறு நமக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தீர்களா? நீதிபதி தன் காரணத்தை வரி வரியாக எழுதி வைத்திருந்தார். அகராதி பார்த்தேன், இப்படி யோசித்தேன் என்று அவரே எழுதியதால்தான் மேலே இருப்பவர்கள் அதில் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. ஜூரி அதே தப்பைச் செய்திருந்தால், "வாதிக்கு வெற்றி" என்று எழுந்து நின்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

க்ராபலார் வழக்கை எடுங்கள். லிவர்பூல் கோல்கீப்பர். காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார் என்று சன் நாளிதழ் எழுதியது, அவர் பணம் பற்றிப் பேசுவது வீடியோவில் இருந்தது. 1999ல் ஜூரி அவருக்கு 85,000 பவுண்டு கொடுத்தது. மேல்முறையீட்டில், இது புத்தியுள்ள எவரும் எட்ட முடியாத முடிவு என்று தூக்கி எறிந்தார்கள். 2002ல் பிரபுக்கள் சபை (அன்று அதுதான் உச்ச நீதிமன்றம்) என்ன செய்தது தெரியுமா? ஜூரி என்ன நினைத்திருக்கும் என்று உட்கார்ந்து யூகித்தது! லஞ்சம் வாங்கியதை நம்பியிருப்பார்கள், ஆனால் வேண்டுமென்றே கோல் விட்டார் என்பதை நம்பியிருக்க மாட்டார்கள், அப்படிப் பார்த்தால் தீர்ப்பில் தவறில்லை. சரி, வெற்றி அவருக்கே, நஷ்ட ஈடு 1 பவுண்டு. நாட்டின் மிகப் பெரிய நீதிபதிகள் ஜோசியம் பார்த்ததாகத்தான் எனக்குப் படுகிறது. காரணம் எழுதாத தீர்ப்பு என்றால் இதுதான் கதி.

தொகை விஷயத்தில் இன்னும் மோசம். 1989ல் மட்டும் பாருங்கள், பிரைவேட் ஐ பத்திரிகைமேல் வழக்குப் போட்ட, ஒரு தொடர்கொலைகாரனின் மனைவியான சோனியா சட்க்ளிஃப்புக்கு 6 லட்சம், ஆல்டிங்டன் பிரபுவுக்கு எழுத்தாளர் நிக்கோலாய் டால்ஸ்டாயிடமிருந்து 15 லட்சம். ("இது நீதி என்றால் நான் ஒரு வாழைப்பழம்" என்று பிரைவேட் ஐ ஆசிரியர் ஹிஸ்லாப் கோர்ட் வாசலில் சொன்னது முதல் தொகைக்குத்தான்.) முதலாவது மேல்முறையீட்டுக்குப் பின் 60,000ல் முடிந்தது, இரண்டாவதை 1995ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கருத்துச் சுதந்திரத்துக்கே விரோதம் என்றது. ஏன் இப்படிக் கண்மண் தெரியாமல் போனது என்றால், ஜூரியிடம் எண் எதுவும் சொல்லக் கூடாது என்பது அன்றைய விதி. எவ்வளவு கொடுப்பது என்று ஒரு துப்பும் கொடுக்காமல் பன்னிரண்டு பேரை ஒரு அறையில் பூட்டினால் வேறென்ன நடக்கும்? எல்டன் ஜான் சாப்பாட்டை மென்று துப்புகிறார் என்று எழுதியதற்கு 3,50,000 கொடுத்தார்கள். 1995ல் மேல்முறையீட்டில் அதை 75,000 ஆக்கினார்கள், விபத்தில் கைகால் போனவனுக்கு என்ன கிடைக்கிறது என்று இனிமேல் ஜூரிக்குச் சொல்லலாம் என்றும் அப்போதுதான் பிங்கம் வழிவிட்டார்.

அப்புறம் நாவலாசிரியரும் அரசியல்வாதியுமான ஜெஃப்ரி ஆர்ச்சர். 1987ல் டெய்லி ஸ்டாரிடமிருந்து 5 லட்சம். அன்று ஜூரிக்கு வழிகாட்டிய நீதிபதி, ஆர்ச்சர் மனைவியின் 'நறுமணத்தை' வர்ணித்தது இன்றும் சட்டக் கல்லூரிகளில் சிரிப்பு. 2001ல் அந்த வழக்கில் பொய் சொன்னதற்காக ஆர்ச்சருக்கு 4 வருடம். அங்கே பெரிய மனிதரைக் கண்டு மயங்கியது நீதிபதியா ஜூரியா, நீங்களே சொல்லுங்கள். என்னைக் கேட்டால் இரண்டு பேரும்.

எதிர்க்கட்சி:

தொகை பற்றிச் சொன்னது நியாயம், ஆனால் அதை மேல்முறையீடும் விதிகளும் 1990களிலேயே சரிசெய்துவிட்டன. 2012ல் ஃப்ராங்கி பாயில் என்ற நகைச்சுவைக்காரர் டெய்லி மிரர்மேல் ஜெயித்தபோது ஜூரி கொடுத்தது 54,650 பவுண்டு. ஐம்பது பவுண்டு நோட்டு வரை எண்ணிக் கொடுத்த மாதிரி இல்லை? அதற்கு அடுத்த வருடமே ஜூரியைத் தூக்கினார்கள். நோய் குணமானபின் கையை வெட்டிய கதை.

மெக்டொனால்ட்ஸ் வழக்கையும் மறந்துவிடாதீர்கள். அந்தக் கம்பெனியைத் தாக்கித் துண்டுப் பிரசுரம் கொடுத்த இரண்டு சாதாரண ஆட்கள், வக்கீல் வைக்கக் காசில்லை, ஜூரி கொடுங்கள் என்று கெஞ்சினார்கள். உணவும் புற்றுநோயும் பற்றிய அறிவியல் ஜூரிக்குப் புரியாது என்று மறுத்துவிட்டார்கள். 313 நாள் கோர்ட். சாப்பாட்டுக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று பன்னிரண்டு சாதாரண ஆட்களுக்குப் புரியாதாம், அதே விஷயத்தை எதிர்த்துத் தாங்களே வாதாடிய அந்த இரண்டு சாதாரண ஆட்களுக்கு மட்டும் புரிய வேண்டுமாம்.

மைலாப்பூர்_டு_மைல்எண்ட்:

அய்யோ, எவ்வளவு விஷயம்! எல்லோருக்கும் நன்றி. மெக்டொனால்ட்ஸ் வாதம் சூப்பர், அதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் டெப் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? மூட்டில் கேட்பார்கள் என்று நிச்சயமாகத் தோன்றுகிறது, எங்கள் வாத்தியாருக்கு சினிமா பிடிக்கும்.

ஈஸ்ட்ஹாம்_ரவுண்டானா:

தங்கச்சி, டெப்பை வக்கீல் ஆட்கள் சொல்லட்டும். நான் ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 2009ல் பாராளுமன்றச் சதுக்கத்தில் இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லி எங்கள் ஆள் ஒருவர் 23 நாள் உண்ணாவிரதம் இருந்தார், நானும் இரவுகளில் அங்கே நின்றவன். அது முடிந்து சில மாதத்தில், அவர் ஒளித்து ஒளித்து மெக்டொனால்ட்ஸ் பர்கர் சாப்பிட்டார், போலீஸ் கேமராவில் பார்த்தது என்று டெய்லி மெயிலும் சன்னும் எழுதின. எங்கள் சனமே அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பியது, அதுதான் கொடுமை. அவர் வழக்குப் போட்டார். அப்படி ஒரு போலீஸ் வீடியோவே கிடையாது என்று தெரிந்தது. 2010ல் இரண்டு பத்திரிகையும் மன்னிப்புக் கேட்டு 77,500 பவுண்டு கொடுத்தன.

அது ஜூரி வரைக்கும் போகவில்லை, நீதிபதி வரைக்கும் போகவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஜூரி இருந்தது. பர்கர் கதையை வைத்துக்கொண்டு பன்னிரண்டு பேர் முன்னால் போய் நிற்க எந்தப் பத்திரிகைக்குத் தைரியம் வரும்? நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். சட்டப்படி சரியோ தெரியாது.

கோப்புக்கட்டு:

ரவுண்டானா அண்ணன் சொன்னது சட்டப்படியும் பாதி சரி. வழக்குகளில் பெரும்பாலானவை சமரசத்தில்தான் முடியும், ஜூரியோ நீதிபதியோ பின்னால் நிற்கும் பூச்சாண்டி. அந்தப் பூச்சாண்டி எவ்வளவு பயமுறுத்தும் என்பதைப் பொறுத்துத்தான் பேரம். ஜூரி என்றால் இரண்டு பக்கமும் என்ன ஆகும் என்று தெரியாது, அந்தப் பயத்திலேயே சிலர் காசு கொடுத்தார்கள், சிலர் வழக்கை விட்டு ஓடினார்கள்.

இன்றைக்கு அந்த இடத்தில் வேறொன்று வந்துவிட்டது. வழக்குத் தொடங்கிச் சில மாதத்திலேயே, சாட்சியெல்லாம் வருவதற்கு முன், இந்தக் கட்டுரைக்கு என்ன அர்த்தம் என்பதை மட்டும் தனியாக நீதிபதி முடிவு செய்துவிடுகிறார். அதோடு பாதி வழக்கு முடிந்த மாதிரி. ஜூரி இருந்தால் இது நடக்காது, அர்த்தம் அவர்கள் கையில், அவர்கள் கடைசி நாளில்தான் வாயைத் திறப்பார்கள். அதுவரை இரண்டு தரப்பும் எந்த அர்த்தத்துக்கு எதிராக வாதாடுகிறோம் என்று தெரியாமலே லட்சக்கணக்கில் செலவழிக்கும். 11வது பிரிவின் பெரிய லாபம் என் கணக்கில் இதுதான். எதிர்க்கட்சி சொன்ன ஸ்டாக்கர் வாதம் குறிவைப்பதும் சரியாக இதே இடத்தைத்தான், அதனால்தான் அது நல்ல வாதம்.

டெப். இரண்டும் ஒரே வழக்கு இல்லை. லண்டனில் பிரதிவாதி சன் பத்திரிகை, டெப்பின் முன்னாள் மனைவி ஆம்பர் ஹெர்ட் வெறும் சாட்சி. வர்ஜீனியாவில் அவரே பிரதிவாதி, வேறு கட்டுரை, வேறு சட்டம். லண்டனில் 2020ல் நீதிபதி நிக்கல், டெப் ஹெர்ட்டைத் தாக்கியதாகச் சொல்லப்பட்ட 14 சம்பவங்களை ஒவ்வொன்றாக எடுத்து, 12 நடந்தது என்று காரணத்தோடு எழுதினார், 129 பக்கம். 2022ல் வர்ஜீனியாவில் ஏழு பேர் ஜூரி, படிவத்தில் ஆமாம் இல்லை என்று நிரப்பினார்கள். டெப்புக்கு 1 கோடி டாலரும், தண்டனைத் தொகையாக இன்னும் 50 லட்சமும் (அது அந்த மாநில உச்சவரம்பால் 3,50,000 ஆனது), அதே மூச்சில் ஹெர்ட்டுக்கும் 20 லட்சம். அந்த இரண்டு முடிவும் எப்படி ஒன்றாகப் பொருந்துகிறது என்று இன்றுவரை மக்கள் சண்டை போடுகிறார்கள். லண்டன் தீர்ப்பைப் பிடிக்காதவர்கள்கூட எந்தப் பத்தி பிடிக்கவில்லை என்று சொல்ல முடிகிறது.

ஒரு சுவாரசியம், ஸ்கோர்கார்டு ஐயாவுக்காக. போத்தமுக்கு அன்று வாதாடித் தோற்றவர் சார்ல்ஸ் க்ரே. ஆல்டிங்டனுக்கு ஜூரியிடம் 15 லட்சம் வாங்கிக் கொடுத்தவரும் அவரே, எய்ட்கனின் வக்கீலும் அவரே. அப்புறம் நீதிபதியானார். 2000ல், யூதப் படுகொலையை மறுத்த டேவிட் இர்விங் போட்ட வழக்கை ஜூரி இல்லாமல் தனியாக விசாரித்தவர் அந்த க்ரேதான். ஆவணங்கள் மலை மாதிரி, அதனால் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு ஜூரி வேண்டாம் என்றார்கள். முந்நூறு பக்கத்துக்கு மேல் தீர்ப்பு. இர்விங் எந்த ஆவணத்தை எப்படித் திரித்தார் என்று ஒவ்வொன்றாக அதில் இருக்கிறது. "பிரதிவாதிக்கு வெற்றி" என்று ஒரு ஜூரி ஒற்றை வரி சொல்லியிருந்தால், ஏதோ நுணுக்கத்தில் தோற்றேன் என்று இர்விங் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார்.

மைலாப்பூர், கடைசியாக ஒன்று. ஜூரி கேட்கும் மனுவுக்குக் காலக்கெடு உண்டு, யோ வழக்குக் காலத்து விதிப்படி எதிருரை (பிரதிவாதியின் பதில் மனு) கைக்கு வந்த நாளிலிருந்து 28 நாள். மானநஷ்டத்துக்கு அதைப் பிறகு மாற்றி, முதல் வழக்கு மேலாண்மைக் கூட்டத்தில் கேட்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள், உங்கள் கதை பழைய விதியை வைத்து எழுதியதா என்று பாருங்கள். மூட் கதை எழுதுகிறவர்கள் இந்த மாதிரி இடத்தில்தான் கண்ணி வைப்பார்கள். தேதிகளை ஒருமுறை எண்ணிவிடுங்கள்.

பழைய_ஸ்கோர்கார்டு:

க்ரே விஷயம் எனக்குத் தெரியாமல் போயிற்றே! அப்போது பேப்பரில் கார்மன் பெயரை மட்டும்தான் படித்தோம்.

மைலாப்பூர்_டு_மைல்எண்ட்:

மூட் முடிந்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை, வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்துவிட்டேன்.

கோப்புக்கட்டு அண்ணா, நீங்கள் சொன்ன அன்று இரவே தேதியை எண்ணினேன். எதிருரை மார்ச் 3, மனு ஏப்ரல் 4. கதை பழைய விதிப்படிதான், நான்கு நாள் தாமதம்! நாலாம் பக்கத்தில் அடிக்குறிப்பு மாதிரி ஒளித்து வைத்திருந்தார்கள், நாங்கள் இரண்டு வாரமாக அதைக் கவனிக்கவே இல்லை. அதற்காகத் தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் வாதம் ஒன்றைத் தனியாகத் தயாரித்துக்கொண்டு போனேன். எழுந்து நின்று "மை லேடி" என்று தொடங்கியதும் முதல் கேள்வியே, "உங்கள் மனு எந்தத் தேதியில் தாக்கலானது?" சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஸ்டாக்கர் வேலை செய்தது. அகராதியை எடுத்த நீதிபதி என்று சொன்னபோது மூட் நீதிபதியே குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். எதிர்த்தரப்புப் பையன் யோவையும் எய்ட்கனையும் எடுத்து, பத்திரிகைகள் பயந்த நீதிபதிகளிடமே ஜெயித்தன என்று நீங்கள் சொன்ன மாதிரியே சிரித்துக்கொண்டு சொன்னான். நான் மெக்டொனால்ட்ஸைச் சொன்னேன். டெப் பற்றி யாரும் கேட்கவில்லை, அதற்காக ஒரு முழு இரவு வீண்.

மேல்முறையீடு தள்ளுபடி. பேச்சாளருக்கான பரிசு எனக்கு, நாற்பது பவுண்டு புத்தகக் கூப்பன். எதிர்க்கட்சி, உங்களுக்குப் பாதி.

எதிர்க்கட்சி:

இருபது பவுண்டா? என்னிடம் ஜூரி இருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கேட்டிருப்பேன்.